கண்டக்டர் வீட்டு அலாரம்

என் அக்கா ஜெகதாம்பாளுக்கு வாய்த்த புருஷனைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால், சத்தம் என்றுதான் சொல்வேன். பெயர் அரங்கநாதன், ஊர் கீழப்பழுவூர். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். முன் படிக்கட்டில் நின்றபடி கடைசி சீட்டில் தூங்குகிறவனை எழுப்பி இறக்கிவிடுகிற குரல் அவருக்கு. ரிட்டயர் ஆன அன்று காக்கிச் சட்டையைக் கழற்றினார், குரலைக் கழற்றவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுப்பாள்.

சத்தத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் வராது. சொந்தக் காட்டு முந்திரியை வாங்க வந்த வியாபாரியிடம், "அடி மூட்ட மழையில நனைஞ்சதுங்க, பார்த்து எடுங்க" என்று அவரே எடுத்துக் கொடுப்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். நான் கத்துவேன். அவர் பாட்டுக்கு வெற்றிலை போடுவார். மச்சானோடு நான் போட்ட சண்டைகளை எல்லாம் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

அவர் வாய்தான் மகள் கல்யாணத்தைக் கெடுக்கிறது என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். மகள் பெயர் அனுசுயா. அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அக்கா மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, தங்கமான பெண். காலேஜ் படிக்கும்போது அவளுக்குத் தைராய்டு இருப்பது தெரிந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. போட்டபிறகு அரை மணி நேரம் டீ, காபி, பலகாரம் எதையும் தொடக்கூடாது. வியாதி அவ்வளவுதான். தெருவுக்கு நாலு பேர் போடுகிற மாத்திரை. ஆனால் கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால், கடுகளவு மாத்திரை அம்மிக்கல் கனம் கனத்துவிடுகிறது.

பெண் பார்க்க வருவார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி, சிரிப்பு எல்லாம் நன்றாகவே போகும். காபித் தட்டை வைத்துவிட்டு அனு உள்ளே திரும்பியதும் மச்சான் தொண்டையைச் செருமுவார். "பொண்ணுக்குத் தைராய்டு இருக்குங்க. மாத்திர போடுது. வேற ஒரு குறையும் இல்லீங்க." அந்தக் குரலில் சொன்னால் தெருவுக்கே கேட்கும். வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். "போன்ல சொல்றோங்க" என்று எழுந்திருப்பார்கள். போன் வராது. மூன்றாவதாக வந்தவர்கள் பஜ்ஜியைப் பாதி கடித்துவைத்துவிட்டே போனார்கள். அந்தப் பாதி பஜ்ஜியை அனுதான் தட்டோடு உள்ளே எடுத்துப்போனாள்.

அதற்குப்பிறகு பூலாம்பாடியிலிருந்து ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தது நான்தான். பையன் பெயர் தமிழரசன், சொட்டுநீர்ப் பைப் கடை வைத்திருக்கிறான். அப்பா இல்லை. அம்மா உண்ணாமலைக்குப் பிறந்த ஊர் ஜெயங்கொண்டம். இந்தத் தடவை வீட்டுக்கு வரவழைக்க வேண்டாம், கங்கைகொண்ட சோழபுரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்ததுபோல வந்து, தற்செயலாகப் பார்த்துக்கொண்டதுபோலப் பார்த்துக்கொள்வார்கள். பிடித்தால் முறைப்படி வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டதோடு சரி, தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சாமி கும்பிட்டபின் எங்கே உட்கார்ந்து பேசுவது என்ற கேள்வி வந்தது. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் செலவில் கை நனைக்க மாட்டார்கள். இலை போட்டு உட்கார்ந்தால் அது கை நனைத்ததாகிவிடும். பன்னும் பஃப்ஸும் அந்தக் கணக்கில் சேராது. அதனால் கோயிலுக்கு எதிரே புதிதாக வந்திருக்கிற பேக்கரி கஃபே என்று முடிவு செய்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அனு ஒன்றுதான் சொன்னாள். "மாமா, இதான் கடைசி. இதுவும் போன்ல சொல்றோம்னு போச்சுன்னா என்னைய விட்டுருங்க. எனக்கு வேல இருக்கு, சம்பளம் இருக்கு. இந்தப் பேச்சே வேணாம்." கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயந்திரமே அக்கா சட்டம் போட்டுவிட்டாள். "நாளைக்கு நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"ஏதாச்சும் கேட்டா?" என்றார் மச்சான்.

"தலைய ஆட்டுங்க."

மகளிடம் திரும்பினாள். "நீயும் நாளைக்கு மாத்திர போட வேணாம். ஒரு நாள் போடாட்டி ஒண்ணும் ஆயிடாது."

"கல்யாணத்துக்கப்புறம் எங்கம்மா வச்சுப் போடுவேன், அரிசி டப்பாவுலயா?" என்றாள் அனு.

"மொதல்ல கல்யாணம் ஆவட்டும்."

நானும் அக்கா பக்கம்தான் பேசினேன். மச்சான் வாயைக் கட்டியாயிற்று, மாத்திரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. ஒன்றை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அனு பி.எட். படிக்கும்போது மாத்திரையை மறந்து மறந்து போவாள். மச்சான் தன் குரலையே தன் போனில் பதிவு செய்து அலாரமாக வைத்தார். டிக்கெட் கேட்கிற அதே ராகம்: "மாத்திர போட வேண்டியவங்கள்லாம் எடுத்துக்கங்க. அனுசுயா, மாத்திர. அனுசுயா, மாத்திர." வேலை நாளில் ஆறு மணிக்குக் கத்தும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை தூங்கட்டும் என்று எட்டு மணிக்கு. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, வீட்டில் யார் காதிலும் அது விழுவதே இல்லை. சுவர்க்கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிறு காலையில் எல்லாம் திட்டப்படியே நடந்தது. கோயில் பிராகாரத்தில் உண்ணாமலை அம்மாவைப் பார்த்து நான், "அட, எங்க இந்தப் பக்கம்?" என்றேன். "சும்மா சாமி கும்பிடலாம்னு வந்தோங்க" என்றார் அந்த அம்மா. பூலாம்பாடியிலிருந்து விடியுமுன் கார் எடுத்துச் சும்மா வந்தவர்கள். புல்தரையைச் சுற்றி நடந்து பேக்கரிக்கு வந்தோம்.

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் வெண்ணெய் வாசனை. கும்பகோணத்திலிருந்து வேனில் வந்த கூட்டம் ஒன்று முட்டை பஃப்ஸுக்கு நின்றது. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தேங்காய் பன்னைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் ஒரு பெரிய மேசை கிடைத்தது. வெஜ் பஃப்ஸ், பன் பட்டர் ஜாம், எல்லோருக்கும் டீ என்று சொன்னேன்.

"எத்தன வருசம் சார் சர்வீஸ்?" என்று தமிழரசன் மச்சானிடம் மரியாதையாகக் கேட்டான்.

மச்சான் தலையை ஆட்டினார்.

"ரூட் பஸ்ஸா சார், டவுன் பஸ்ஸா?"

அதற்கும் தலையை ஆட்டினார். பையன் விழித்தான். "அவருக்குத் தொண்ட கட்டிக்கிச்சுங்க" என்று அக்கா முந்திக்கொண்டாள். "மிளகுப் பால் வச்சுக் குடுங்க" என்றார் உண்ணாமலை. பொய்யைக் கேட்டு மச்சான் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல ஆயிற்று. மேசைக்கடியில் அவர் காலை நான் ஒரு மிதி மிதித்தேன்.

ஆனால் எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. பையன் தட்டைத் தொடவே இல்லை. பன் அப்படியே இருந்தது. டீயில் ஆடை கட்டிவிட்டது. "சாப்பிடுப்பா" என்று அவன் அம்மா இரண்டு தடவை சொன்னார். "பசிக்கலம்மா" என்றான். வாசலைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். போச்சு, பெண்ணைப் பிடிக்கவில்லை, எப்போது எழுந்து ஓடலாம் என்று பார்க்கிறான் என்று நினைத்தேன். இந்தப் பக்கம் அனுவும் பஃப்ஸை உதிர்த்து உதிர்த்து வைத்தாளே தவிர வாயில் போடவில்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பசி போய்விட்டது.

அப்போதுதான் மணி எட்டு ஆயிற்று.

"மாத்திர போட வேண்டியவங்கள்லாம் எடுத்துக்கங்க."

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மச்சான் வாய் மூடித்தான் இருந்தது. அவர் சட்டைப் பைதான் கத்தியது. "அனுசுயா, மாத்திர. அனுசுயா, மாத்திர." பதறிப்போய் போனை எடுத்தார். கண்ணாடி இல்லாமல் எந்த இடத்தைத் தொடுவது என்று தெரியாமல் திணறினார். அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. முட்டை பஃப்ஸ் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நிலையிலும் அந்த மனுஷன் வாயைத் திறக்காமல், போனை மகளிடம் நீட்டினார். வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

அனு அலாரத்தை நிறுத்தினாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "கொண்டாந்திருக்கீங்களாப்பா?" என்றாள்.

அவர் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார். பையிலிருந்து பஸ் டிக்கெட் அளவுக்கு மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு மாத்திரை இருந்தது. பூட்டுவதற்கு முன்னாலேயே எடுத்து வைத்திருக்கிறார், கள்ள மனுஷன்.

அனு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு உண்ணாமலையைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குத் தைராய்டு இருக்குங்கம்மா. தினம் போடணும். இன்னும் அரை மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிட மாட்டேன். இதச் சொல்லக் கூடாதுன்னு கூட்டியாந்தாங்க. எனக்கு ஒளிச்சுப் போட வராதுங்க."

போன்ல சொல்றோங்க என்ற வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். அனு ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

தமிழரசன் தன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். விரல் நீளத்தில் ஒரு சின்ன டப்பா வந்தது. அதிலிருந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டினான்.

"டேய்" என்றார் அவன் அம்மா.

"அவர்தான் சொல்லிட்டாரேம்மா, போட வேண்டியவங்கள்லாம் எடுத்துக்கங்கன்னு." வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். பிறகு அனுவிடம், "எனக்கும் அதேதாங்க" என்றான்.

உண்ணாமலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான். "ரெண்டு எடத்துல கேட்டுட்டாங்கம்மா, ஆம்பளப் புள்ளைக்குத் தைராய்டான்னு. அதான் நானும் இன்னிக்கு வேணாம், திரும்பிப் போயி போட்டுக்கன்னேன். காலையிலேருந்து எம் புள்ள ஒரு வாய் டீ குடிக்கல." அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வூட்லயும் இதே கதைதாங்க. நேத்து டப்பாவப் பூட்டி வச்சவ நாந்தாங்க." இரண்டு பேரும் ஒருத்தியிடம் ஒருத்தி திருடிவிட்டு இரண்டு பேரும் மாட்டிக்கொண்டதுபோலச் சிரித்தார்கள். அப்பாடா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "இப்பப் பேசித் தொலைங்க."

மச்சான் தொண்டையைச் செருமினார். "எனக்குத் தொண்டையெல்லாம் கட்டலீங்க" என்றார். வெள்ளைக்காரர் கையிலிருந்த பன் நழுவியது.

பிறகு அந்த அரை மணி நேரம். சாப்பிட முடியாத இரண்டு பேரும் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து என்ன செய்வார்கள்? வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உள்ளே சாப்பிட்டோம். அந்தப் பையன் வாசலையும் கடிகாரத்தையும் பார்த்தது எதற்கென்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. பசி கண்ணைக் கட்டியிருக்கிறது அவனுக்கு. உண்ணாமலை அம்மா என் அக்கா தட்டிலிருந்தே பாதி பஃப்ஸைப் பிய்த்து எடுத்துக்கொண்டார். அது கை நனைத்த கணக்கா இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று டீயைக் குடித்தேன். மச்சான் அந்த அம்மாவுக்கு அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பிங்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அடக்கியது அத்தனையும் வந்தது.

அரை மணி கழித்து உள்ளே வந்தார்கள். புதிதாக இரண்டு டீயும் பன்னும் வாங்கி, இரண்டு பேரும் பேசாமல் வேகவேகமாகச் சாப்பிட்டார்கள். அனு என் பங்கு பஃப்ஸையும் எடுத்துக்கொண்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

வெளியே காரில் ஏறப்போன தமிழரசன் திரும்பி மச்சானிடம் வந்தான். கைபேசியை எடுத்தான். போன்ல சொல்றோங்க என்று இவனும் சொல்லிவிடுவானோ என்று ஒரு கணம் எனக்குப் பக்கென்றது. பாழாய்ப்போன பழக்கம்.

"அந்த அலாரத்த எனக்கும் அனுப்பி வுடுங்க மாமா" என்றான். "நானும் அடிக்கடி மறந்துடுறேன்."

காலையிலிருந்து சார், சார் என்று கூப்பிட்ட பையன். என் மச்சானுக்கு ஏதோ சொல்ல வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இந்தத் தடவை யாரும் சட்டம் போடவில்லை. அவராகவே தலையை மட்டும் ஆட்டினார்.