இடி நிற்கட்டும் சார்

எங்கள் நகைக்கடன் நிறுவனத்தின் எட்டு சர்வர்களையும் ஒரே பெட்டிக்குள் மெய்நிகர் சர்வர்களாக அடக்கிய மேதை நான்தான். கொழிஞ்சாம்பாறைத் தலைமை அலுவலகத்தில் அந்தப் பெட்டி படுத்துவிட்டால், உடும்பஞ்சோலை மலைக் கிளையில் உள்ள அதன் நகல் தானாக எழுந்து வேலையைத் தொடரும் என்று படம் போட்டு விளக்கினேன். முதலாளியே கைதட்டினார்.

ஐப்பசி மழையில் மின்னல் இறங்கி எங்கள் பெட்டி கருகியது. நகல் எழவில்லை. பதறிப்போய்க் கிளை மேலாளருக்குப் போன் போட்டேன்.

"இங்க இடி வெட்டுதுல்லா சார்? மேகம் கறுத்ததுமே பிளக்கப் புடுங்கி, தார்ப்பாய் போட்டு மூடிட்டோம். மிஷினு பத்திரமா இருக்கு."

"ஐயோ, இப்பவே மாட்டுங்க!"

"இடி நிக்கட்டும் சார்."

மலையில் டிவிக்கும் மிக்ஸிக்கும் காட்டுகிற அதே பரிவு. ஆபத்தில் எங்களைக் காப்பாற்ற வைத்திருந்த இயந்திரத்தை ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்டார்கள். அன்று முழுக்க வாடிக்கையாளர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

ஆண்டு விழாவில் சிறந்த பராமரிப்புக்கான கேடயம் அந்தக் கிளைக்கே போனது. பொறுக்க முடியாமல் முதலாளியிடமே காரணம் கேட்டேன்.

"ஏனுங்க, ரெண்டு பெட்டியில கருகாம இருந்தது அவங்களுதுதானுங்களே?" என்றார்.