எட்டு கொரியக் கித்தார்கள்

இசைக்கருவிக் கடையில் எல்லோரும் அவளை 'அரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் பிடிப்பதும் அரம், பேச்சும் அரம். பதினோரு வருடம் கதவுப் பட்டறையில் உப்புத்தாள் தேய்த்துவிட்டு இங்கே வந்தவள். கித்தாரில் ஒரு பாட்டுக்கூட வாசிக்கத் தெரியாது. ஆனால் கொரியாவிலிருந்து வரும் குறைந்த விலை எலெக்ட்ரிக் கித்தார் ஒன்றுகூட அவள் கட்டைவிரலுக்குத் தப்பிக் கடைச் சுவரில் ஏறியதில்லை. தந்திகளுக்கு அடியில் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் கம்பிகளின் முனைகளை மேலிருந்து கீழ்வரை தடவுவாள். கழுத்தும் உடலும் சேரும் இடுக்கில் பஸ் டிக்கெட்டைச் செருகிப் பார்ப்பாள். நுழைந்தால் கித்தார் வந்த வழியே போகும். நுழையாவிட்டால் அட்டையில் தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கட்டுவாள்.

"வாசிக்கத் தெரியாதவங்கதான் இங்க தரம் பாக்குறாங்க" என்பார் விற்பனையாளர்.

"செருப்பு கடிக்குதுன்னு சொல்றவன் செருப்பு தைக்கத் தெரிஞ்சவனா?" என்பாள்.

ஒரு மதியம், மூன்று வாரம் முன்பு கொரியக் கித்தார் வாங்கிப்போன பஸ் டிரைவர் அதையும் தூக்கிக்கொண்டு விரலில் கட்டோடு வந்து நின்றார். ஃபிரெட் முனை கிழித்துவிட்டதாம்.

"விலைக்கேத்த சரக்கு சார், கொரியான்னா இப்படித்தான்" என்றார் முதலாளி, கூசாமல். "மேல கொஞ்சம் போட்டு முன்சுவர்ல இருக்கிற விலை கூடினதை எடுத்துக்கங்க." பிறகு அவளிடம் திரும்பினார். "சுவர்ல மிச்சம் இருக்கிற எட்டு கொரியா கித்தாருக்கும் அட்டையில 'ஆலைப் பிழை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. சாயங்காலம் இறக்குமதிக்காரன் காசைத் திருப்பிக் குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போகட்டும்."

அவள் டிரைவரின் கித்தாரை வாங்கித் தடவினாள். மீன்முள் போலக் குத்தியது. அட்டையில் ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் அவள் கையெழுத்து. சரியென்று போட்ட கையாலேயே இப்போது பிழையென்று போட வேண்டும். போட்டால், இத்தனை வருடம் அவள் கட்டிய அட்டை ஒவ்வொன்றும் வெறும் காகிதம்.

கிடங்குக்குப் போனாள். அதே சரக்கில் இன்னும் பிரிக்காத பெட்டிகள் இரண்டு கிடந்தன. தூக்கிவந்து டிரைவர் முன்னாலேயே பிரித்தாள்.

"அண்ணே, நல்ல விரலால தடவிப் பாருங்க."

டிரைவர் பயந்து பயந்து தடவினார். "அட, வழவழன்னு இருக்கே! இதுவும் அதுவும் ஒண்ணாவா வந்துச்சு?"

"ஒரே நாள்ல வந்தது. இப்ப மேல பாருங்க."

கொரியக் கித்தார்கள் தொங்கிய சுவருக்கு நேர் மேலே ஏசி காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

"ஏழு மாசமா இந்தக் காத்துல காயுது. மரம் சுருங்கும், கம்பி சுருங்குமா? கம்பி முனை வெளிய நீட்டிக்கிச்சு. ஆலைக்காரன் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கான்."

முதலாளியின் முகம் சிவந்தது. "முன்சுவர்லயும்தான் ஏசி இருக்கு. அந்தக் கித்தாரெல்லாம் குத்துதா?"

"அதுக்கெல்லாம் கம்பி முனைமேல பட்டை ஒட்டி மூடியிருக்கு சார். மூடி வச்சா குத்தாது."

விற்பனையாளர் சிரிப்பை அடக்க இருமினார்.

"கடைக்காரியா நீ, இல்ல கொரியாக்காரனுக்கு வக்கீலா?" என்றார் முதலாளி.

"தரம் பாக்குறதுக்குத்தானே வச்சிருக்கீங்க? பாத்துட்டேன்."

டிரைவர் முன்சுவரைப் பார்க்கவேயில்லை. "எனக்கு என் கித்தாரே போதும்மா. முனையை மட்டும் தேய்ச்சுக் குடு" என்றார்.

"தேய்ச்சுத் தர்றேன்ணே. விக்கிறப்ப மறுபடி தடவிப் பாக்காதது என் தப்பு. அதையும் எழுதிடுறேன்."

மேசைக்கு முன் உட்கார்ந்து டிரைவர் கித்தாரின் அட்டையில் எழுதினாள்: 'ஆலையில் பிழை இல்லை. கடைச் சுவரில் காய்ந்தது. விற்கும்போது நான் மறுபடி பார்க்கவில்லை.' கீழே கையெழுத்து.

முதலாளி அட்டையைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தார். "நாளைக்கு வேலைக்கு வர்ற நினைப்பு இருக்கா?"

"இருக்கு சார். வந்ததும் முதல் வேலையா அந்த ஏசியைத் திருப்பணும்."

இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே புது அட்டைகள் ரப்பர் பட்டை போட்டபடி கட்டுக் கட்டாக இருந்தன. ஒரு கட்டு எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கிழிங்க, எழுதுறேன். உங்க கை வலிக்குதா என் கை வலிக்குதான்னு பாப்போம்."

முதல் அட்டையில் தேதியைப் போட்டாள்.