பல்லிப் பரீட்சை

மாட்டு வைத்தியம் படிக்க வருகிறவனுக்கு முதல் வருஷம் மாட்டைக் காட்ட மாட்டார்கள், பல்லியைத்தான் காட்டுவார்கள். மைசூரில் எங்களோடு கத்தியும் சாமணமும் பிடித்து, ஸ்பிரிட் நாற்றம் போகாத கையால் சாம்பார் சாதம் பிசைந்த சகோதரர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வாக்குறுதி. கடைசியில் நன்றாகச் சிரிக்க ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது தரமாட்டேன். வால், கழுத்து எல்லாம் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். அவசரக்காரர்கள் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம்.

எனக்கு வயது பதினெட்டு. எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அது என் தொண்டையில் குடிவந்துவிடும். அப்பா ரயில்வேயில் கார்டு. அதனால் எங்கள் உடற்கூறு வாத்தியார் என்னை ‘ரயில்வே’ என்றுதான் கூப்பிடுவார். என் பக்கத்தில் உட்காரும் பழனிச்சாமி ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், ஆகவே அவன் ‘ஹனூர்’. கையில் கத்தியைக் கொடுத்தால் நரம்பு நரம்பாகப் பிரித்து வைப்பான். வாத்தியார் எதிரில் மட்டும் அவனுக்கு வாய் திறக்காது. போன தடவை வாய்மொழித் தேர்வில் தவறியதே அதனால்தான். இன்னொரு தடவை தவறினால் பேரை அடித்துவிடுவார்கள். ஊரில் அவன் அண்ணன் அவனுக்கென்று ஒரு ஜோடி எருது பார்த்து வைத்திருந்தார்.

வால்

ஒருநாள் வகுப்பு தொடங்குவதற்கு முன் சுவரில் இருக்கும் பல்லி ஒன்றைப் பிடித்து வைக்கும்படி வாத்தியார் பழனியிடம் சொல்லிவிட்டு, ஹாஜர் புத்தகம் எடுக்கப் போனார். பழனி பாய்ந்தான். பல்லி ஜன்னல் வழியே போய்விட்டது, வால் மட்டும் அவன் விரல்களுக்கு நடுவே நின்றது. அதற்குள் வாத்தியார் திரும்பி வரவே, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அறுந்த வால் சும்மா இருக்குமா? ‘ஹாஜர்’ சொல்ல எழுந்தவனின் பை துள்ளியது. வாத்தியார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பழனி வாலை எடுத்து மேஜைமேல் வைத்தான். அது அங்கேயும் நெளிந்தது. வால் பகுதி எலும்புக் கண்ணிகளில் முறிவதற்கென்றே ஓர் இடம் இருப்பதை அன்று எங்களுக்கு அந்த வாலை வைத்தே விளக்கினார். முடிக்கும்போது சொன்னது: “நோயாளி ஓடிப்போயிட்டான். ஹனூர் வாலை மட்டும் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கான்.”

கழுத்து

அடுத்த வாரம் பழனி எப்படியோ முழுப் பல்லியையே பிடித்தான். அதன் கழுத்தின் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் புடைத்திருந்தது. பழனிக்கு முகம் மலர்ந்தது. அவனுக்கு இது தெரிந்த வியாதி. நுகத்தடி அழுத்திய எருதுக்கு இப்படித்தான் கழுத்து வீங்குமாம். வேப்பிலையை வதக்கி ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்று நோட்டில் எழுதியும்விட்டான்.

நான் வாத்தியார் குரலில் பின்னாலிருந்து, அந்தப் பல்லியை எந்த வண்டியில் பூட்டினாய் என்று கேட்டேன். நோட்டைக் கீழே போட்டுவிட்டு விறைத்து நின்றான் பாவம். பிறகு நிஜ வாத்தியாரே வந்து, அது வீக்கம் இல்லை, முட்டைக்கு ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்பைப் பெண் பல்லி சேர்த்து வைக்கும் பை என்று சொல்லிக் கொடுத்தார். அவர் நகர்ந்ததும் பழனி என்னிடம் சொன்னான்: “எங்கூருல பொம்பளைங்க சுண்ணாம்ப இடுப்புல சொருவிக்குவாங்க, இது கழுத்துல வெச்சிருக்குது. அவ்வளவுதானப்பா.”

கிருஷ்ணா கிருஷ்ணா

எங்கள் வாத்தியார் பல்லியின் இதயத்தை வெளியே எடுத்து, அது தனியாகத் துடிப்பதைக் காட்டுகிறவர். அப்படிப்பட்டவர், தான் ஏதாவது சொல்லும்போது சுவரில் பல்லி சத்தம் கொடுத்தால் அங்கேயே நிறுத்துவார். ஆள்காட்டி விரலை மடக்கி மேஜையை மூன்று முறை தட்டி, “கிருஷ்ணா, கிருஷ்ணா” என்பார். மைசூரில் வீட்டுக்கு வீடு இதுதான் வழக்கம். பல்லி சத்தமிட்டால், அப்போது சொன்னது சத்தியம்.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்தால் அந்தச் சத்தம் வரும் என்று நான் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் தசரா கூட்டம் தெருவை நிறைத்திருந்தது. இன்று பாடம் நடத்துவதில் பிரயோஜனம் இல்லை போலிருக்கிறதே என்று வாத்தியார் தனக்குத்தானே முனகினார். நான் குனிந்துகொண்டு, ட்ச் ட்ச் ட்ச். விரல் மேஜைக்குப் போயிற்று. கிருஷ்ணா, கிருஷ்ணா. பிறகு புத்தகத்தை மூடினார்: “சாட்சி சொல்லிடுத்து. எல்லாரும் ஆத்துக்குக் கிளம்புங்கோ.”

வாய்மொழி

தேர்வு நாளன்று ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். அடுத்து வருகிறவன் அதே அறையில் எலும்புக்கூட்டு அலமாரிக்குப் பின்னால் உள்ள பெஞ்சில் காத்திருக்க வேண்டும். பழனிக்கு அடுத்தவன் நான். என் யோசனையை அவனிடம் சொல்லவில்லை, அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பல்லியின் இதயத்தில் எத்தனை அறை என்று வாத்தியார் கேட்டார். பெஞ்சில் இருந்த எனக்கு அவன் எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது. கடைசியில் “மூணுங்க” என்று காற்று மாதிரி ஒரு குரல் வந்தது. உடனே கொடுத்தேன் ஒரு ட்ச் ட்ச் ட்ச். கிருஷ்ணா, கிருஷ்ணா என்று மேஜை தட்டப்பட்டது. தெய்வமே தன் பக்கம் என்று பழனி நினைத்திருக்க வேண்டும். உதரவிதானம் இல்லாமல் விலா எலும்பால் மூச்சு விடும் விதத்தை முழு வாக்கியத்தில் சொன்னான். மறுபடி ட்ச். எச்சத்தின் நுனியில் இருக்கும் வெள்ளை என்ன என்றதற்கு, அதுதானுங்க மூத்திரம், தண்ணியை மிச்சம் பிடித்துக் கட்டியாக வெளியேற்றுகிறது என்றான் கணீரென்று. ஆறு கேள்வி, ஆறு பதில். எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஏழாவதாக, பல்லி எப்படிக் கண் சிமிட்டும் என்று கேட்டார். பழனி கொஞ்சமும் தயங்காமல், மேல் இமையைக் கீழே இறக்கி, என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் அந்தப் பக்கங்களைப் புரட்டியதே இல்லை. பலமாகக் கொடுத்தேன்.

மேஜை தட்டப்படவில்லை. நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. நிதானமான செருப்புச் சத்தம் அலமாரியைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றது. நாக்கு இன்னும் மேலண்ணத்தில் ஒட்டியிருக்க, நான் அண்ணாந்து பார்த்தேன். பழனி அவருக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் வாயை முழுதாகத் திறந்து நான் பார்த்தது அப்போதுதான்.

வாத்தியார் கோபப்படவில்லை. பழனியின் பக்கம் திரும்பி, முதல் ஆறும் அவன் சொந்தப் பதில், அவன் பாஸ், போகலாம் என்றார். பிறகு என்னிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “பல்லிக்கு இமையே கிடையாதுடா ரயில்வே, கண்ணை நாக்காலதான் துடைச்சுக்கும். தனக்கு இமை இல்லைன்னு தெரியாத பல்லி அடுத்த வருஷம் வந்து பதில் சொல்லட்டும்.”

மைசூர் ராஜ்யத்தில் பல்லியாகவே உட்கார்ந்திருந்தும் பல்லிப் பாடத்தில் தவறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.