கொருக்குப்பேட்டையில் கேட்ட பாட்டு

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் இதை நம்பப்போவதில்லை, தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் தம்பி தாசனுக்கும் மரியான் கானா குழு என்றால் உயிர். கேசட் தேயத் தேயக் கேட்டோம், பிறகு போனில் கேட்டோம், நேரில் மட்டும் வாய்க்கவே இல்லை, அவர்கள் பாடும் நாளில் எனக்குக் கண்டெய்னர் யார்டில் வேலை இருக்கும், இல்லையென்றால் அவன் விசைப்படகில் கடலுக்குப் போயிருப்பான். போன வருஷம் படகேறும்போதுகூடச் சொன்னான், "நா கரைக்கு வர்ற வரைக்கும் நீ தனியா போய்க் கேக்காதண்ணே, ரெண்டு பேரும் சேந்து போலாம்."

மூன்றாம் நாளே கொருக்குப்பேட்டையில் ஒரு சாவு, மரியான் பாடுகிறார் என்று தகவல் வந்தது. செத்தவர் யாரென்றே தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மாலையை வாங்கிக்கொண்டு உறவுக்காரன் மாதிரிப் போய் உட்கார்ந்தேன், பட்டப்பகல் மூன்று மணி, பக்கத்தில் பெண்கள் மாரடித்து அழ, எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம்.

சாவு வீட்டில் செத்தவர் பேர், அழுகிறவர்கள் பேர் எல்லாம் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், பாடுகிறவர் பாட்டில் சேர்த்துக்கொள்வார். அந்த வீட்டுச் சீட்டைப் பாடி முடித்த மரியான் இன்னொரு சீட்டை எடுத்தார். "கடலுக்குப் போன தாசா, கரையில அந்தோணி அண்ணன் அழுவுறான்" என்று பாடினார். ஊரில் ஆயிரம் தாசன், ஆயிரம் அந்தோணி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த வரியில் இடது புருவத்துத் தழும்பைப் பாடினார். சின்ன வயதில் நான் எறிந்த கல்லால் வந்த தழும்பு அது, கீழே விழுந்துவிட்டான் என்றுதான் அம்மாவிடமே சொல்லியிருந்தோம்.

பாட்டு முடிந்து டீ குடிக்கும்போது போய்க் கேட்டேன், அந்தச் சீட்டை யார் கொடுத்தது என்று. மரியான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, நீதானே வந்து குட்த்த. ரெண்டு பேரு எழுதிக்கீற, டைம் இல்ல, ஒண்ணுதான் பாட முடிஞ்சிது."

சீட்டை நீட்டினார். யார்டில் தினமும் நம்பர் எழுதுகிற என் கோணல் கையெழுத்தேதான். மேலே தாசன் என்று இருந்தது, கீழே இருந்த பேரை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது. பார்க்காமலே மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். தாசன் போன் கிடைக்கவில்லை, நடுக்கடலில் எப்படிக் கிடைக்கும்.

மறுநாள் காசிமேட்டுக்குத் திரும்பிய படகில் அவன் இல்லை. முந்தின நாள் மத்தியானம் வலை இழுக்கும்போது விழுந்துவிட்டானாம், எண்ணூர் பக்கம் உடல் ஒதுங்கியது. ராயபுரத்தில் அடக்கம் செய்தோம், பாட்டு வைக்கவில்லை.

வீட்டில் இப்போது நான், மனைவி ஸ்டெல்லா, மகள், மூன்றே பேர். "சீட்டப் படிச்சிப் பாத்துட்டா நிம்மதியா இருக்கலாம்" என்பாள் ஸ்டெல்லா. போன வாரம் மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தபோது பீரோவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன். உள்ளே இருப்பது என் பேராக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். ஆனாலும் பிரிக்கவில்லை.