டிராயிங் மாஸ்டரிடம் போன பத்து ரூபாய் நோட்டு

அரசு ஊழியர் மேல் புகார் வந்தால் முதலில் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் வருமுன் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. இது நடைமுறை. சித்தூர் கலெக்டர் ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். 1960-ல் என் சொந்த விஷயம் என்று வந்தபோது மட்டும் அது எனக்கு மறந்துவிட்டது.

எல்லை பிரிந்த வருஷம் அது. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. எந்தப் பக்கம் வேலை வேண்டும் என்று ஊழியர்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. தபால்தலையும் பழைய நோட்டும் சேர்ப்பதுதான் என் கவலை. என்னிடம் இருந்ததிலேயே உசத்தி, வெள்ளைக்காரன் காலத்துப் பத்து ரூபாய் நோட்டு ஒன்று. ஒரு பக்கம் மட்டுமே அச்சு. தகட்டில் கையால் செதுக்கிய கோடுகள் மயிரிழை மாதிரி இருக்கும். தமிழும் தெலுங்கும் அதில் அருகருகே இருந்தன. அந்த வருஷம் அவை இரண்டும் சண்டையில்லாமல் இருந்த இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

திருப்பதியில் ஒரு பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. சொந்த ஊர் திருத்தணிப் பக்கம். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும் அளவுக்கு நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கிருந்து ரயிலேறுவார், நான் இங்கிருந்து. நடுவில் பாகாலா ஜங்ஷனில் பெஞ்சில் உட்கார்ந்து, கைதிகளை மாற்றிக்கொள்ளும் இரண்டு தேசங்கள் போல ஆல்பங்களை ஒரே சமயத்தில் நீட்டுவோம். அப்படி ஒரு நாள், கோடுகளை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த நோட்டைக் கேட்டார். பதினைந்து நாள் தவணை. கொடுத்தேன்.

பதினாறாம் நாள் வந்தது, நோட்டு வரவில்லை. அப்புறம் ஒரு கார்டு வந்தது: ‘நோட்டு பத்திரம். நேரில் தருகிறேன். இனி மேலே கண்ட விலாசத்துக்கே எழுதவும்.’ மேலே விலாசம் எதையும் காணோம்; தெரிந்த திருப்பதி விலாசத்தை எதற்கு அழுத்திச் சொல்கிறார் என்று அப்போதே ஓர் உறுத்தல். அங்கே ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். ‘விலாசதாரர் போய்விட்டார்’ என்று திரும்பி வந்தது. லீவு போட்டு நேரில் போனேன்.

“அந்த டிராயிங் மேஸ்டரா? மூட்ட கட்டிக்கினு பூட்டாரே, மாசமாச்சு. உனுக்கும் எதுனா தரணுமா?” என்றார் வீட்டுக்காரர்.

அந்த ‘உனுக்கும்’ போதுமாயிருந்தது. திரும்பும் ரயிலிலேயே மனு மனத்தில் உருவாகிவிட்டது. படம் வரையத் தெரிந்தவர். ஒரு நோட்டின் ஒவ்வொரு கோட்டையும் லென்ஸ் வைத்துப் பார்த்தவர். இப்போது ஆளைக் காணோம். கள்ள நோட்டு என்று நான் எழுதவில்லை. படிப்பவருக்கு வேறு எதுவும் தோன்றாதபடி எழுதினேன். விதிகளை எண் போட்டுக் காட்டி, கல்வி அதிகாரிக்கு மூன்று பிரதி.

ஒரு மாதம் கழித்து, பட்டப்பகலில் டிராயிங் மாஸ்டர் என் வீட்டு வாசலில் நின்றார். மெழுகுத்தாளில் சுற்றிய நோட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

“மதனப்பள்ளிக்கு மாத்திட்டாங்க சார். கார்டுல விலாசம் எழுதினேனே?”

“எழுதவே இல்லை” என்று சொல்லி, சாட்சிக்குக் கார்டை எடுத்து நீட்டினேன். என் மனைவிதான் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாங்க, கார்டுக்கு மூலையே காணோம்?”

அவர் மதனப்பள்ளிக்குப் போகும் வழியில், பாகாலாவில் ரயில் தபால் பெட்டியில் போட்ட கார்டு அது. ரயில் தபால் முத்திரை அவ்வளவு தெளிவாக விழுவது அபூர்வம். கண்ட ஆசையில், கார்டைப் படிக்கும் முன்பே, ஒட்டியிருந்த தபால்தலையை முத்திரையோடு மூலையாகக் கத்தரித்துத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். அந்த மூலையின் பின்பக்கம்தான் அவர் புது ஊரும் விலாசமும் எழுதியிருந்தார். தபால்தலை ஆல்பத்துக்குப் போயிற்று. விலாசம் சாக்கடைக்குப் போயிற்று.

“ஊருக்கெல்லாம் சட்டம் சொல்றீங்க, கார்டப் படிக்கறதுக்கு முன்னாடியே வெட்டிடுவீங்களா?” என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. “திருத்தணிப் பக்கம் போறேன்னு எழுதிக் குடுத்து, ஆர்டரும் வந்துடுச்சு சார். வூட்டுல நிறை மாசம், அங்க தனியா கீறாங்க. உங்க பெட்டிசன் பெண்டிங்ல கீதாம், ரிலீவ் பண்ண மாட்டோம்ன்றாங்க.”

அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அப்போதே வாபஸ் மனு எழுதிக் கல்வி அலுவலகத்துக்கு நானே எடுத்துப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா என் பழைய மனுவைப் புரட்டிப் பார்த்தார்.

“ஏமண்டி, இத்தினி ரூல் காட்டி எழுதி கீறீங்க. வாபஸ்னு ஒரு பேப்பர் குடுத்தா மூடிட முடியுமா? உங்குளுக்குத் தெரியாததா?”

தெரியும். புகார் கொடுத்தவர் விலகினாலும் விசாரணை முடிந்துதான் கோப்பை மூட வேண்டும். விளக்கம், தலைமை ஆசிரியர் குறிப்பு, மேலிடத்து ஒப்புதல். ஒவ்வொரு படியும் எத்தனை நாள் எடுக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். வாராவாரம் போய் நின்றேன். இடையில் டிராயிங் மாஸ்டர் மனைவியின் பிரசவத்துக்குக் கேட்ட லீவையும் விசாரணையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் அதன் வயதைக் கேட்கிறார்கள். எனக்கோ அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வேறொரு கணக்குத்தான் ஓடுகிறது: ‘மேல் நடவடிக்கை தேவையில்லை, விடுவிக்கலாம்’ என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது, அவருக்கு மகள் பிறந்து இருபத்திரண்டு நாள் கழித்து, 1960 ஆகஸ்ட் 16 அன்று.