எல்லா அட்டையிலும் என் முகம்

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். அந்த ஐந்தாவதிலும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிடப் பந்தல் கால் தூக்கியதுதான் அதிகம். அப்படித் தூக்கியவன் இன்றைக்கு தர்மபுரி சுற்றுவட்டத்தில் கல்யாணம் என்றால் பந்தல், சமையல், லைட்டு, மணவறை எல்லாவற்றையும் ஒரே கையாக எடுத்து நடத்துகிறேன். யாரும் கைதூக்கி விடவில்லை. நான் எடுத்து நடத்திய கல்யாணத்தில் ஒருவர்கூடச் சோறு இல்லை என்று இலையை விட்டு எழுந்ததில்லை. இதைப் பெருமை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பெருமைதான்.

ஆட்கள் பெருகிய பிறகு யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே ஒரு பாடாகிவிட்டது. ஒரே சமுக்காளத்தை இரண்டு பேர் இரண்டு கல்யாணத்துக்குக் கணக்கு வைத்திருந்ததில், ஒரு மாப்பிள்ளை வீட்டார் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்துத்தான் என் மருமகள் ஒரு ஏற்பாடு செய்தாள். பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். அங்கே அவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்ள வைத்திருக்கும் பலகையைப் போலவே ஒன்றை எங்கள் எல்லோர் போனிலும் ஏற்றிவிட்டாள்.

பலகையில் மூன்று வரிசை: செய்யணும், நடக்குது, முடிஞ்சது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. அட்டையின் மூலையில் அந்த வேலையைச் செய்கிறவரின் முகம். எழுதத் தெரியாதவர்கள் அட்டையிலேயே பேசிப் பதிந்துவிடலாம். விரலால் தள்ளினால் அட்டை நகரும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற நான் இதை ஒரு சாயங்காலத்தில் பிடித்துவிட்டேன். என்னோடு பழகும் ஒரு ரிடையர்டு வாத்தியார் இன்னமும் போனைத் திறக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறார்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லா அட்டையிலும் என் முகம்தான் இருக்க வேண்டும் என்றேன்.

"எல்லாத்துலயும் உங்க மூஞ்சியே இருந்தா யாரு எதைப் பண்றாங்கன்னு எப்படி மாமா தெரியும்?"

"நான் சொல்றவங்க பண்ணுவாங்கம்மா."

"அப்ப பலகை எதுக்குங்க?"

"நான் சொல்லிட்டேன்னு எல்லாருக்கும் தெரியறதுக்கு."

அவள் சிரித்துக்கொண்டே அப்படியே செய்தாள். ஓர் இடத்து ஆளையோ சாமானையோ வேறிடத்துக்கு மாற்றும் அட்டையை என் போனிலிருந்து மட்டும்தான் நகர்த்த முடியும் என்று ஒரு பூட்டும் போட்டாள். எங்கள் தொழிலில் பெண் வீட்டாருக்குத் தெரிந்தது ஒரே பெயர்தான். சாம்பாரில் உப்பு ஏறினால் மாஸ்டரைத் தேட மாட்டார்கள், என்னைத்தான் தேடுவார்கள். அதனால் நான் சொன்னது நியாயம்தான்.

போன வைகாசியில் ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் வந்தது. அதியமான்கோட்டையில் வீட்டுக் கல்யாணம், காலை டிபனோடு நம் வேலை முடிந்தது. கம்பைநல்லூரில் மண்டி வைத்திருப்பவர் வீட்டுப் பெண்ணுக்கு மண்டபத்தில் கல்யாணம், மதியச் சாப்பாடு வரைக்கும். மூன்றாவது வத்தல்மலை மேலே. மலைக்காரர்கள் "நீங்களே வந்து நிக்கணும்" என்றார்கள். அவ்வளவு தூரம் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

"மேல டவர் கெடைக்காதுங்க மாமா" என்றாள் மருமகள்.

"தாலி கட்னதும் எறங்கிடுவேன்."

தாலி கட்டியதும் இறங்க விடவில்லை. தங்கள் தோட்டத்துக் காப்பியைக் கொடுத்து, அந்தப் பாதையில் இவ்வளவு பெரிய பந்தல் சாமானை ஏற்றியது எப்படி என்று கேட்டார்கள். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். சொன்னேன்.

இறங்கும்போது ஒரு வளைவில் சட்டைப் பை அதிர ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. டிரைவரை ஓரங்கட்டச் சொல்லி, பலகையில் பேசிப் பதிந்திருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் கம்பைநல்லூரிலிருந்து சமையல் மாஸ்டர்.

"அண்ணா, கூட்டம் ஒரு மாதிரியா இருக்குதுங்க. டிபனுக்கே எச்சா பந்தி போட்டுட்டோம்."

அடுத்ததும் அவர்தான். "மண்டிக்கு வர்ற போறவங்க அத்தன பேரையும் குடும்பத்தோட கூப்ட்டிருக்காருங்க. அரிசி இங்கயே வாங்கிக்கலாம், வடிக்க அண்டாவும் இல்ல, கையும் இல்ல. அதியமான்கோட்டைல முடிஞ்சிருச்சுல்ல? அவுங்கள அனுப்புங்க. அட்டைய நவுத்துங்கண்ணா."

அதன் பிறகு அதியமான்கோட்டையிலிருந்து பந்தல்காரன். "அண்ணா, கெளம்பட்டுமா வேணாமா? மாஸ்டர் போன் மேல போன் போடறாரு. நீங்க சொல்லாம நவுந்தா அப்பறம் எங்களத்தான் வாங்குவீங்க. அண்டாவ ஏத்தி வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு ஒக்காந்திருக்கோம்."

மறுபடி மாஸ்டர், இந்த முறை மெதுவாக. "பொண்ணோட அப்பா சமையக்கட்டு வாசல்லயே நிக்கிறாருங்க. ஒண்ணும் கேக்க மாட்டேங்கறாரு. அதான் பயமா இருக்குது."

கல்யாண வீட்டில் சோறு போதவில்லை என்றால் அந்த மனிதர் அப்புறம் மண்டியில் எப்படி நிமிர்ந்து உட்காருவார்? அட்டையைத் தள்ளப் பலகையைத் திறந்தேன். அட்டை ஏற்கெனவே நகர்ந்திருந்தது. அதில் மாஸ்டர் முகம். பக்கத்து அட்டையில் பந்தல்காரன் முகம். கடைசிச் செய்தி மருமகளுடையது.

"மாமா, உங்க மூஞ்சிய எடுத்துட்டேன். நானும் கம்பைநல்லூருக்குத்தான் போறேன். திட்டறதா இருந்தா அங்க வந்து திட்டுங்க."

டிரைவர் எட்டிப் பார்த்தான். "என்னாங்கண்ணா, பதவி போயிடுச்சா?"

"வண்டிய எடு. ரோட்டப் பாத்து ஓட்டு."

கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் மலை இறங்கி முடிவதற்குள் ஒன்று புரிந்தது. பூட்டைப் போட்டவளே அவள்தான். சாவியும் இத்தனை மாதமாக அவளிடம்தான் இருந்திருக்கிறது. என் பேச்சுக்காக அதைத் தொடாமல் இருந்திருக்கிறாள்.

மண்டபத்துக்குப் போனபோது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. பின்கட்டில் அதியமான்கோட்டை அடுப்புகள் எரிந்தன. காலையில் ஏணியில் நின்றவர்கள் கையில் சோற்று வாளி. மருமகள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இலை பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ் என்னாச்சும்மா?"

"லீவு சொல்லிட்டேன் மாமா. சாப்ட்டுட்டு திட்றீங்களா, திட்டிட்டு சாப்புட்றீங்களா?"

"கடைசிப் பந்தி முடியட்டும்."

நான் பெண்ணின் அப்பா பக்கத்தில் போய் நின்றேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பந்தி எழுந்தது, அடுத்தது உட்கார்ந்தது. வெளியே கூட்டம் மெலிந்து, கடைசியில் மண்டியின் மூட்டை தூக்குகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் இரண்டாம் தடவை சோறு கேட்டார்கள். போட்டார்கள். மூன்றாம் தடவையும் போட்டார்கள். அண்டாவில் இன்னும் மிச்சம் இருந்தது. அப்போதுதான் அந்த மனிதர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நல்ல ஆளுங்கள வெச்சிருக்கீங்க" என்றார்.

"ஒவ்வொருத்தனையும் நானா பாத்துப் பொறுக்கினதுங்க" என்றேன். அது உண்மைதானே.

மாஸ்டர் எனக்கும் மருமகளுக்கும் இலை போட்டார். பசி வயிற்றைக் கிள்ளியது. ரசம் ஊற்றும்போது அவள் கேட்டாள்.

"உங்க மூஞ்சியத் திரும்ப வெச்சிடட்டுங்களா மாமா?"

போனை வாங்கிப் பார்த்தேன். "இருக்கட்டும் விடு. ஆனா மாஸ்டருக்கு வேற போட்டோ எடுத்துப் போடு. இதுல தூங்கி எழுந்தவனாட்டம் இருக்கான்."

"எங்கண்ணா தூங்க வுட்டீங்க" என்றபடி மாஸ்டர் என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.