பதில் வராத ரத்தச் சீட்டு

தொண்ணூறுகளின் நடுவில் ஏற்காட்டிலிருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்து, அங்கேயே அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலும் இருந்தேன். ரத்தம் தேவைப்பட்டால் மலையிலிருக்கும் கம்ப்யூட்டர், டெலிபோன் லைன் வழியாகச் சேலத்து ரத்த வங்கியின் கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். கேள்வி கிடைத்ததும் அங்கிருந்து வண்டியில் ரத்தம் அனுப்புவார்கள். இரண்டு வழிகள் இருந்தன. நேராக அழைத்து, பதில் வரும்வரை லைனிலேயே காத்திருக்கலாம். அல்லது கேள்வியைக் கடிதம்போல் எழுதிவைத்து, லைன் கிடைக்கும்போது அனுப்பலாம். முதல் வழியில் வேகம் அதிகம், எழுதவும் சுலபம். அதையே எடுத்தேன். மழையை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் ஒரு மதியம். பக்கத்து மலைக் கிராமமான கரடியூரிலிருந்து, பிரசவமான ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. நர்ஸ் ரத்த வகையைத் தட்டி அனுப்பிய மறுகணம் இடி விழுந்தது. திரை அப்படியே உறைந்துவிட்டது. டெலிபோனை எடுத்தால் அதிலும் சத்தமில்லை.

"ஏனுங்க சார், சேலத்துக்குப் போயிருச்சுங்களா, இல்லீங்களா?" என்றார் நர்ஸ்.

"தெரியலைங்க சிஸ்டர்."

"நீங்க எழுதுனதுதானுங்களே இது?"

கேள்வி போகவேயில்லையா, போய்ப் பதில் மட்டும் தொலைந்ததா? இரண்டையும் பிரித்துச் சொல்ல என் புரோகிராமுக்குத் தெரியாது. வாசலில் நின்ற அந்தப் பெண்ணின் கணவன் என் முகத்தையே பார்த்தான். "நொம்ப நேரமாகுங்களா?" என்று கேட்டான்.

நர்ஸ் அதற்குமேல் என்னை நம்பவில்லை. ரத்த வகையைக் காகிதத்தில் எழுதி, ஆஸ்பத்திரி ஜீப் டிரைவரிடம் சேலத்துக்குக் கொடுத்தனுப்பினார். ஆனால் சேலம் போய்வரும் நேரத்துக்கு வெகு முன்பே ஜீப் திரும்பி வந்தது. பாதை அடைபட்டுவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பாதை அடைபட்டுத்தான் இருந்தது. கொண்டை ஊசி வளைவில் மரம் சாய்ந்து கிடந்ததாம். மரத்துக்கு அந்தப் பக்கம் சேலத்து ரத்த வங்கி வண்டி, ரத்தம் வைத்த ஐஸ் பெட்டியோடு நின்றிருக்கிறது. டிரைவர் மரத்தின்மேல் ஏறிப் பெட்டியை வாங்கி வந்திருந்தார். கேள்வி போயிருக்கிறது. பதில்தான் வரவில்லை.

அந்தப் பெண் பிழைத்தாள்.

மறுவாரமே புரோகிராமைக் கடித வழிக்கு மாற்றினேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எண். கிடைத்தது என்று சேலம் சொல்லும்வரை அது மறுபடி மறுபடி போகும். ஒரே எண் இருமுறை வந்தால் ஒருமுறைதான் ரத்தம் அனுப்புவார்கள்.

"இனி பயமில்லீங்களா சார்?" என்றார் நர்ஸ்.

"லைன் செத்தா இதுவும் தாமதமாகும் சிஸ்டர். அஞ்சு நிமிஷத்துல பதில் வரலைன்னா ஜீப்பை அனுப்புங்க," என்றேன். அதைப் பெரிய எழுத்தில் எழுதி கம்ப்யூட்டர்மேல் ஒட்டியும் வைத்தேன். அங்கே வேலை செய்த காலம்வரை, மழைக்கு வானம் இருட்டினாலே அந்தத் திரை முன் உட்கார எனக்குத் தைரியம் வந்ததில்லை.